குளக்கரையில் விழித்திருப்பவர்கள்

(மே தின வானொலி மறையுரை. வாசகம்: யோவான் 5:1-9)



இன்று தொழிலாளரான புனித யோசேப்பின் நினைவு நாள். உலகம் தொழிலாளர் தினமாகக் கொண்டாடும் மே முதல் நாளில் திருச்சபையும் உழைப்பவர்களோடு நிற்கும்படி, 1955-ஆம் ஆண்டு திருத்தந்தை 12-ஆம் பயஸ் இந்நினைவை ஏற்படுத்தினார். இந்நாளில், நாம் அதிகம் எண்ணிப் பார்க்காத ஒரு தொழிலாளரை நினைப்போம். கோடை விடுமுறையில் மட்டும் பொது நீச்சல் குளத்தில் வேலை பார்க்கும் உயிர்காப்பாளர்தான் அவர்.

இன்றைய நற்செய்தியும் நம்மை ஒரு குளக்கரைக்கே அழைத்துச் செல்கிறது. எருசலேமில் ஆட்டு வாயில் அருகே ஐந்து மண்டபங்கள் கொண்ட பெத்சதா குளம். அகழ்வாய்வில் வெளிப்பட்ட அதன் இடிபாடுகளை, புனித அன்னா ஆலயத்தின் பக்கத்தில் திருப்பயணிகள் இன்றும் காண்கிறார்கள். 38 ஆண்டுகளாக நோயுற்றிருந்த ஒருவர் அங்கே கிடந்தார். நலம்பெற விருப்பமா என்று ஆண்டவர் கேட்டார். அவரோ தம் நோயைப் பற்றிப் பேசவில்லை. தம்மைக் குளத்தில் இறக்கிவிட ஆள் இல்லை என்றார். தண்ணீர் இருந்தது, மண்டபம் இருந்தது, கூட்டமும் இருந்தது. ஆள்தான் இல்லை.

நம் பங்கு இளைஞர் சிலர் கோடையில் நகரின் பொது நீச்சல் குளத்தில் வேலைக்குச் செல்கிறார்கள். யார் எந்த நேரம், எந்தப் பக்கம் நிற்பது என்று பட்டியல் போடுவதில் நாமும் கொஞ்சம் உதவி வருகிறோம். வெளியிலிருந்து பார்த்தால் விசிலும் கையுமாக உட்கார்ந்திருக்கும் சுகமான வேலை. உள்ளே வந்தால்தான் தெரியும். விடியற்காலையில் குளோரின் அளவைச் சோதிக்க வேண்டும். வடிகட்டியைக் கழுவிவிட வேண்டும். ஒவ்வொரு பேட்ச் இறங்கும்போதும் ஏறும்போதும் தலைகளை எண்ண வேண்டும்.

இவற்றைவிடக் கடினமானது பார்த்துக்கொண்டே இருப்பது. நீரில் மூழ்குகிறவர் கத்திக் கூப்பிடுவார், கையசைப்பார் என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. மூச்சுக்கே போராடுகிறவருக்குக் குரல் எழும்புவதில்லை. ஒரு நிமிடத்துக்குள், பக்கத்தில் நீந்துகிறவருக்கும் தெரியாமல் அமைதியாக எல்லாம் முடிந்துவிடலாம். 2021-ல் மட்டும் உலகில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அதனால்தான், 10 நொடிக்குள் தன் பகுதி முழுவதையும் கண்ணால் அளந்துவிடவும், ஆபத்தைக் கண்டால் 20 நொடிக்குள் அங்கே போய்ச் சேரவும் உயிர்காப்பாளர்களைப் பழக்குகிறார்கள்.

அன்பார்ந்தவர்களே, எந்த மனிதக் கண்ணும் நாள் முழுவதும் இப்படி விழித்திருக்க முடியாது. இஸ்ரயேலைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை, கண்ணயர்வதுமில்லை என்று 121-ஆம் திருப்பாடல் அறிக்கையிடுவது கடவுளைப் பற்றி. இருபது வயதுப் பையனைப் பற்றி அல்ல. நிழலும் குடிநீரும் மாற்று ஆளும் தராமல் அவனை வெயிலில் நிறுத்திவிட்டு, விழிப்பாயிரு என்று கட்டளையிடுவது, கடவுளுக்கு மட்டுமே உரியதை மனிதனிடம் கேட்பதாகும். அரை மணிக்கொரு முறை ஆளை மாற்றி ஓய்வு கொடுப்பது சலுகை அல்ல. அவனுக்கும் அது நீதி, குளத்தில் இருக்கும் குழந்தைக்கும் அதுவே பாதுகாப்பு.

கூலியும் அப்படித்தான். ஜூனில் பள்ளிகள் திறந்து, குளத்தில் கூட்டம் குறைந்த பிறகும், கடைசி மாதச் சம்பளத்துக்காக நடையாய் நடக்கும் பிள்ளைகள் உண்டு. கூலியாளின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும் என்கிறது இணைச்சட்ட நூல் (24:15). அங்கே நிரந்தர வேலையாள், தற்காலிக வேலையாள் என்று பிரிக்கவில்லை. ஏழை அதை நம்பி இருக்கிறான் என்ற ஒரே காரணத்தைச் சொல்கிறது.

பெற்றோரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. விசில் ஊதி உங்கள் பிள்ளையை ஆழமான பக்கத்திலிருந்து வெளியேற்றும்போது, எங்கள் பிள்ளைக்கு எல்லாம் தெரியும் என்று சண்டைக்குப் போகாதீர்கள். போகும்போது அவன் பெயரைக் கேளுங்கள், ஒரு நன்றி சொல்லுங்கள். உயிர்காப்பாளர் இருக்கிறார் என்று செல்போனில் மூழ்கிவிடவும் வேண்டாம். உங்கள் பிள்ளைக்கு முதல் காவல் நீங்கள்தான்.

வீட்டில் ஒரு முதியவர், வகுப்பில் ஒரு மாணவர், பக்கத்து வீட்டில் ஒரு தாய் என்று, சத்தமில்லாமல் மூழ்குகிறவர்கள் குளத்துக்கு வெளியிலும் இருக்கிறார்கள். ஆண்டவர் இயேசு கூட்டத்தின் நடுவே அந்த ஒருவரைக் கண்டார், அருகே சென்றார், பேசினார். நாமும் அவ்வாறே காண்போம். காவல் காப்பவர்களையும் காப்போம்.

உழைப்பாளியான புனித யோசேப்பே, குளங்களிலும் கடற்கரைகளிலும் பிறர் உயிருக்காக விழித்திருக்கும் எங்கள் பிள்ளைகளுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.