கழுத்துக் கட்டியும் ஐந்து கேள்விகளும்

(எங்கள் கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)

நான் டாக்டர் அல்ல. அந்தக் காலத்து பி.எஸ்ஸி. பௌதிகம், பிறகு 35 வருஷம் சர்க்கார் ஃபைல்கள். என் ஆத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

என் மனைவியின் கழுத்தில் வீக்கம். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் தைராய்டில் இரண்டு கட்டிகள் தெரிந்தன. ஒன்று 2.8 செ.மீ., மற்றது 1.1 செ.மீ. பெரியதைப் பார்த்துக் கலங்கிய நான் சிறியதை லட்சியம் செய்யவில்லை. டாக்டரோ, சிறியதில்தான் ஊசிப் பரிசோதனை செய்யவேண்டும் என்றார். காரணத்தையும் பொறுமையாக விளக்கினார்.

காதுக்கு எட்டாத ஒலி அலைகள் உள்ளே சென்று எதிரொலித்துத் திரும்புவதே படமாகிறது. அதில் ஐந்து விஷயங்களுக்கு மார்க் போடுகிறார்கள். அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி 2017-ல் வெளியிட்ட ‘டைராட்ஸ்’ முறை இது. கட்டி திடமா, நீரா? சுற்றியுள்ள தைராய்டைவிடக் கறுப்பா? பக்கவாட்டு அகலத்தைவிட முன்பின் உயரம் அதிகமா? ஓரம் ஒழுங்கற்றதா? உள்ளே பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள் உண்டா? பரீட்சைக்கு நேர்மாறாக, இங்கே மார்க் ஏற ஏறச் சந்தேகமும் ஏறும்.

பெரிய கட்டி ஸ்பாஞ்சு போல் சிறுசிறு அறைகளாக இருந்தது, அதற்குப் பூஜ்யம். சிறியது திடம் 2, கறுப்பு 2, உயரம் 3, ஆக மொத்தம் 7. ஏழும் அதற்கு மேலும் வாங்கினால் ஐந்தாம் வகுப்பு. அதில் 1 செ.மீ. இருந்தாலே ஊசிப் பரிசோதனை. நாலாம் வகுப்புக்கு 1.5, மூன்றாம் வகுப்புக்கு 2.5 செ.மீ.

முடிவு பாப்பில்லரி வகைப் புற்றுநோய் என்று வந்தது. ஆபரேஷன் ஆகி நாலு வருஷமாகிறது. இதோ, முன்வரிசையில் உட்கார்ந்து, நான் எங்கே தப்பாகச் சொல்கிறேன் என்று கவனித்துக்கொண்டிருக்கிறாள்.

இரண்டு விஷயம் சொல்லி முடிக்கிறேன். பெரும்பாலான தைராய்டு கட்டிகள் சாதுவானவை. ஸ்கேன் சந்தேகத்தைத்தான் சொல்லும். தீர்ப்புக்கு ஊசிப் பரிசோதனை வேண்டும். அடுத்தது, ஒரு தொந்தரவும் இல்லாதவர்கள் ஸ்கேனுக்கு ஓடவேண்டாம். தென்கொரியாவில் அப்படி ஓடியதில், 1993-ஐவிட 2011-ல் 15 மடங்கு பேருக்கு தைராய்டு புற்றுநோய் கண்டுபிடித்தார்கள். பலருக்கு ஆபரேஷனும் நடந்தது. ஆனால் அந்நோயால் இறப்பவர் விகிதம் மாறவேயில்லை.

கழுத்தில் வீக்கம், குரலில் மாற்றம், விழுங்கக் கஷ்டம் இருந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள். ரிப்போர்ட் வந்ததும் என்னைப் போல் சென்டிமீட்டரை மட்டும் பார்க்காதீர்கள். “எந்த வகுப்பு?” என்று கேளுங்கள்.