கரடுமுரடான தரைக்கு எந்த விமானம்?



சம்பூர்க் கரையில் நின்றால் கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் சீனன்குடா. அங்கிருந்து கிளம்பும் பயிற்சி விமானங்கள் வானத்தில் வட்டமடிப்பதை இங்குள்ள சின்னப் பிள்ளைகளும் பார்த்திருப்பார்கள். அவற்றுக்கு மூக்கின் கீழே ஒரு சக்கரம் உண்டு. நான் இன்றைக்குக் கதைக்கப்போவது மூக்கில் சக்கரம் இல்லாமல், வாலில் ஒரு குட்டிச் சக்கரத்தோடு ஓடும் சிறு விமானங்களைப் பற்றி. ஆற்றுப் படுக்கை, மலைச்சரிவுப் புல், கூழாங்கல் திட்டு என்று தார் போடாத இடங்களில் இறங்கி ஏறுவதற்காக இன்றும் அவற்றைத் தேடி வாங்குகிறார்கள். அவற்றில் எது நல்லது என்பதுதான் தலைப்பு. "சம்பூரில் ஆரப்பா விமானம் வாங்கப்போகிறது?" என்று கேட்பீர்கள். வாங்க வேண்டாம். பதினைந்து நிமிடம் கேட்டால் போதும்.

வாலை ஊன்றி ஓடும் விமானம் எங்களுக்குப் புதிதில்லை. 1935 நவம்பர் 27ஆம் திகதி இரத்மலானையில் முதன்முதலாக வந்து இறங்கியது ஒரு புஸ் மொத் விமானம். சென்னைப் பறக்கும் கழகத்தின் தலைமைப் பயிற்றுநர் டின்டேல் பிஸ்கோ அதைச் சென்னையிலிருந்து ஓட்டிவந்தார். 1932 ஒக்டோபரில் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுபோனதும் புஸ் மொத்தில்தான். பம்பாயில் டாட்டாவின் தளம் ஜுஹு. மழை பிடித்தால் அங்கே ஒரே சேறு. அந்த மாதங்களில் தளத்தைப் பூனாவுக்கு மாற்றிவிடுவார்கள். தரை பார்த்துப் பறப்பது என்பது எங்கள் பக்கத்திலும் அவ்வளவு பழையது.

பிறகு 1942. ஏப்ரல் 9ஆம் திகதி காலையில் ஜப்பானியர் திருகோணமலையைக் குண்டு போட வந்தபோது, சீனன்குடாவிலிருந்து எதிர்த்துக் கிளம்பிய ஹரிக்கேன்களுக்கும் வாலில்தான் சக்கரம், வந்த ஸீரோக்களுக்கும் வாலில்தான் சக்கரம். 1951இல் இலங்கைக்கென்று விமானப்படை தொடங்கியபோது முதலில் வந்த பயிற்சி விமானம் சிப்மங்க். அதுவும் அப்படியே. அந்தக் காலத்தில் அதுதான் வழமை, ஒருவரும் யோசித்துத் தெரிந்தெடுக்கவில்லை. 1956இல் செஸ்னா கம்பனி தன்னுடைய 170 என்ற விமானத்தின் மூக்கில் ஒரு சக்கரத்தைப் பூட்டி, 172 என்று பெயர் வைத்து விற்றது. இன்றுவரை 44,000க்கு மேல் செய்துவிட்டார்கள். உலகத்திலேயே ஆகக் கூடுதலாகச் செய்யப்பட்ட விமானம் அதுதான். ஓட்டப் பழகுவதும் லேசு, இறக்குவதும் லேசு. அதற்குப் பிறகு வால்சக்கரத்தைக் கேட்டு வந்தவர்கள், அது இல்லாமல் முடியாதவர்கள் மட்டும்தான்.

ஏன் முடியாது? மூக்குச் சக்கரத்தின் கால் மெலிந்தது. ஒரு குழியில் வேகமாக விழுந்தால் அது மடங்கும். மடங்கினால் காற்றாடி நிலத்தில் அடிபடும், காற்றாடி அடிபட்டால் எஞ்சினைக் கழற்றிப் பிரிக்க வேண்டும். வால்சக்கர விமானம் மூக்கை நிமிர்த்தி நிற்பதால் காற்றாடிக்கும் கல்லுக்கும் நடுவே நல்ல இடைவெளி கிடைக்கிறது. பாரமும் குறைவு.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. உங்கள் வீட்டுச் சைக்கிளைச் சீற்றில் பிடித்துப் பின்பக்கமாகத் தள்ளிப் பாருங்கள். ஹான்டில் ஒரு பக்கம் திரும்ப, முழுச் சைக்கிளும் மடங்கப் பார்க்கும். வால்சக்கர விமானம் தரையில் ஓடும்போது அந்தக் குணம்தான். அதன் பாரத்தின் மையம் பெரிய சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. கொஞ்சம் கோணலாக இறங்கினால் பின்பக்கம் முன்பக்கத்தை முந்தப் பார்க்கும். கால் பெடலால் உடனே திருத்தாவிட்டால் விமானம் அப்படியே சுழன்று, இறக்கை நுனி நிலத்தில் உரசும். இதைக் கிரவுண்ட் லூப் என்பார்கள். என் சாப்பாட்டுக்கு வழி செய்தது இந்தக் கிரவுண்ட் லூப்தான் என்றும் சொல்லலாம்.

நான் பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடக்கே ஒரு விமானக் கராஜில் மெக்கானிக்காக இருந்தவன். குளிர்காலத்தில் விமானங்களுக்குச் சக்கரத்தைக் கழற்றிச் சறுக்குக் கட்டை பூட்டுவோம், பனி கரைந்ததும் திரும்பச் சக்கரம். அதனால் எனக்கு விமானம் என்றால் முதலில் அதன் கால்கள். விமானிகள் எஞ்சினைப் பற்றிக் கதைப்பார்கள், வேகத்தைப் பற்றிக் கதைப்பார்கள். நான் குனிந்து கீழே பார்ப்பேன்.

பைப்பர் சுப்பர் கப் என்று ஒன்று. 1949இல் வந்தது. இரண்டு பேர் முன்னும் பின்னுமாக இருக்கலாம். உருக்குக் குழாய்ச் சட்டம், மேலே துணி. அதன் கால்களைப் பிடித்திருப்பது தடித்த ரப்பர் நாண். மெல்லிய ரப்பர் இழைகளைக் கட்டாகச் சேர்த்து, மேலே பின்னிய துணி உறை போட்டிருப்பார்கள். அந்த உறையில் வெள்ளைக்கு நடுவே இரண்டு மூன்று நிற நூல்கள் ஓடும். அது அலங்காரம் இல்லை, எந்த வருடம், வருடத்தின் எந்தக் காலாண்டில் செய்தது என்று சொல்லும் அடையாளம். நூலைப் பார்த்து வயதைச் சொல்லலாம். புதியவனாக இருந்தபோது எனக்கு இது பெரிய அதிசயம். ரப்பர் நாணை மாற்றுவதற்கு இழுத்து விரிக்கும் கருவி ஒன்று உண்டு. அதை முறுக்கும்போது கராஜின் மூத்த மெக்கானிக் ஒவ்வொரு தடவையும் என் தோளைப் பிடித்து ஒரு பக்கமாக நகர்த்துவார். "நேர் முன்னால் நிற்காதே தம்பி" என்பதை அவர் தன்னுடைய பாஷையில் கையாலேயே சொல்லிவிடுவார். வழுகினால் பல்லை எடுத்துக்கொண்டு போகும்.

செஸ்னாவின் 180, 185 விமானங்களுக்கு ரப்பர் இல்லை. வளைந்த உருக்குப் பட்டைதான் கால். ஸ்டீவ் விட்மன் என்ற பந்தய விமானி உருவாக்கிய முறை, 1946இலிருந்து செஸ்னா பாவித்தது. மாற்ற வேண்டியது எதுவுமில்லை, எண்ணெய் விட வேண்டியதும் இல்லை. அதில் ஒரு சனியன், வாங்கிய அடியை அது வைத்துக்கொள்ளாது, திருப்பித் தந்துவிடும். பாரமாகப் போட்டால் விமானம் மறுபடி மேலே துள்ளும். பக்கவாட்டில் அடி விழுந்தாலோ கால் முறியாது, அது பூட்டப்பட்டிருக்கும் இடம் கிழியும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. தரைவிரிப்பைக் கிளப்பினால்தான் தகடு சுருங்கிக் கிடப்பது கண்ணில் படும். பழைய 185 வாங்க வருகிறவர்கள் பெயின்ட் எப்படி என்று பார்ப்பார்கள். நான் தரைவிரிப்பைக் கிளப்பச் சொல்வேன்.

இன்னும் வாலுக்கு வரவில்லை, பொறுங்கள். ஒரு நாள் ஒரு 185 வந்தது. இறங்கி வேகம் குறையும்போது வால் முழுக்கத் தடதடவென்று உதறுகிறதாம், பல்லெல்லாம் ஆடுகிறதாம். புது வால்சக்கரம் போடச் சொல்லி விமானி நின்றார். அது விலை கூடிய சாமான். நான் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தேன். சக்கரத்தில் ஒரு பிழையுமில்லை. அதைத் தாங்கும் பட்டை வில் களைத்துத் தட்டையாகிவிட்டது. வில் தட்டையானால் சக்கரம் திரும்பும் அச்சின் மேல் நுனி முன்பக்கம் சாயும். அது நிமிர்ந்து, இல்லாவிட்டால் ஒரு சொட்டுப் பின்பக்கம் சாய்ந்து நிற்க வேண்டும். முன்னுக்குச் சாய்ந்தால் உதறல் தொடங்கிவிடும். வில்லை மட்டும் மாற்றினோம், பழைய சக்கரமே நல்ல பிள்ளையாக ஓடியது. அந்த மனிதர் நன்றி சொல்லிவிட்டு, "அப்ப போன வருடம் மாற்றின சக்கரம்?" என்று கேட்டார். நான் என்னத்தைச் சொல்ல?

நேரத்தைப் பார்க்கிறேன், பாதி முடிந்துவிட்டது. ஒப்பீட்டுக்கு வருவோம்.

ஒருவர், ஒரு துணை, கொஞ்சச் சாமான் என்றால் சுப்பர் கப்தான். 150 குதிரைவலு எஞ்சின் பூட்டிய விமானம் 200 அடி ஓடினால் எழும்பும் என்று பைப்பர் கம்பனி கணக்குச் சொன்னது. அலாஸ்காவின் வால்டீஸில் வருடாவருடம் குறுந்தூரப் போட்டி நடக்கிறது. அங்கே எதிர்க்காற்றுக்கு முகம் கொடுத்து இருபது அடிக்குள் நிறுத்திவிடுகிறார்கள், இதைவிடக் குறைத்தும் காட்டியிருக்கிறார்கள். அந்த விமானங்கள் அதற்கென்றே உரித்து எடுத்தவை, சாதாரண ஆள் அதை நம்பி இறங்கக் கூடாது. ஆனால் சுப்பர் கப்பில் தூரம் போக ஏலாது. மணிக்கு நூறு மைல் போனால் பெரிய காரியம். ஒரு வேட்டைக்காரர் தன் சுப்பர் கப்பைக் கொண்டுவந்து, "எழும்புதில்லை, எஞ்சின் போய்விட்டது" என்றார். பின்சீற்றுக்குப் பின்னால் பார்த்தால் கூடாரம், அடுப்பு, பாதி மானின் இறைச்சியோடு ஓர் ஐஸ்பெட்டி. எஞ்சினுக்கு ஒன்றுமில்லை. அவருக்குத் தேவைப்பட்டது வேறு விமானம்.

அந்த வேறு விமானம் 185. 300 குதிரைவலு. தன் எடையின் அளவுக்குக் கிட்டத்தட்ட இன்னொரு பங்கைத் தூக்கும். மணிக்கு 160 மைல் அளவில் போகும். நான்கு பேரும் சாமானும், காலையில் வெளிக்கிட்டு மத்தியானத்துக்குள் வேலை முடிந்துவிடும். ஆனால் மூக்குப் பாரம், கால்களும் நேர்மையானவை அல்ல என்று முன்பே சொன்னேன். பக்கக் காற்றில் பழக்கமில்லாதவனை இது மன்னிக்காது.

பிறகு என் செல்லம், பீவர். கனடாவின் டி ஹவிலன்ட் செய்தது, முதலில் பறந்தது 1947 ஓகஸ்ட் 16. செய்வதற்கு முன்னால் காட்டு விமானிகளிடம் என்ன வேண்டும் என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டது வேகத்தை இல்லை. 45 கலன் பீப்பா உருண்டு உள்ளே போகும் அகலத்துக்குக் கதவு கேட்டார்கள், குறுகிய இடத்தில் எழும்பும் வலு கேட்டார்கள். இரண்டும் கிடைத்தன. 450 குதிரைவலு, வட்ட எஞ்சின். அது எண்ணெய் குடிக்கும், கசியவும் செய்யும். அதற்காக எண்ணெய் விடும் குழாயின் வாயை விமானிக் கூடத்துக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். பறந்துகொண்டே தகரத்திலிருந்து ஊற்றலாம். நேயர்களே, உலகத்தில் எத்தனையோ எஞ்சின் பார்த்திருக்கிறேன், எண்ணெய் கேட்டால் இருந்த இடத்திலேயே ஊட்டிவிடலாம் என்ற வசதி இன்னொன்றில் பார்த்ததில்லை. மொத்தம் 1,600க்கு மேல் செய்தார்கள். சத்தம் என்றால் சொல்லி முடியாது. பெற்றோல் மணிக்கு 20 கலனுக்கு மேல். ஒரு தனியாளுக்கு இது கட்டுபடியாகாது, கூலிக்குச் சாமான் ஏற்றுகிறவனுக்குத்தான். இலேசு விமானங்களின் வரிசையில் இதை வைப்பது நியாயமில்லைதான். ஆனாலும் இதைச் சொல்லாமல் நான் மைக்கை விட்டு எழும்பமாட்டேன்.

மீதியை ஒரு மூச்சில் சொல்கிறேன். ஹஸ்கி, சுப்பர் கப்பின் தம்பி மாதிரி, 180 குதிரைவலு, வேகமும் கூட. மோல், வீட்டுக்காரன் விமானம். நான்கு பேர் போகலாம், விலையும் 185 அளவுக்கு ஏறாது. மோல் என்ற மனிதர் விமானம் செய்வதற்கு முன்னால் வால்சக்கரம் செய்து விற்றவர் என்பதால் எனக்கு அவர்மேல் ஒரு மரியாதை. கார்பன் கப், 180 குதிரைவலுவில் துரும்பு மாதிரி இலேசு, காசு இருந்தால் வாங்கலாம். எங்கள் சிப்மங்க்? அழகி, காற்றில் தேவதை. ஆனால் பள்ளிக்கூடத்துப் பிள்ளை, காட்டுக்குச் சரிவராது.

சரி, சம்பூருக்கு வருகிறேன். இங்கே வயலில் போய் இறங்க எந்த அதிகாரியும் விடப்போவதில்லை, அது எனக்குத் தெரியும். கற்பனைக்குத்தான். கச்சான் அடிக்கும் ஓகஸ்ட் மாதம், மத்தியானம், வெயில் 35 பாகை. காற்று சூடாகினால் ஐதாகும். கடல் மட்டத்தில் நின்றாலும் விமானம் 2,300 அடி மலையில் நிற்பதுபோல நடந்துகொள்ளும். 200 அடி என்ற கம்பனிக் கணக்கு அங்கேயே நீண்டுவிடும். அறுவடை முடிந்த வயல் மேலே இருந்து பார்த்தால் பாய் விரித்ததுபோல் தெரியும், ஆனால் வரம்பு இருக்கிறது. ஒரு முழ உயர வரம்பில் முட்டினால் மூக்குச் சக்கரத்தின் கதை அன்றைக்கே முடிந்தது. வால்சக்கரமும் சாதாரண ரயரோடு வந்தால் தலைகீழாகப் புரளக்கூடும். 31 அங்குல மென்ரயர் போட வேண்டும். கார் ரயருக்கு 30 இறாத்தல் காற்றடிக்கும் இடத்தில் இதற்கு எட்டோ பத்தோதான். குனிந்து பெருவிரலால் அமத்தினால் உள்ளே போகும். கடற்கரை மணலிலும் அதுதான் வேலை செய்யும். காற்று எந்தப் பக்கம் என்று தெங்கோலையைப் பார்க்கலாம். முதலில் ஒரு தடவை தாழப் பறந்து மாட்டைக் கலைக்க வேண்டும். எருமை கலையாது, அது எங்கள் ஊர்க்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்த மத்தியானத்தில், அந்த வயலில் என்னை இறக்கு என்றால் சுப்பர் கப்பைத்தான் கேட்பேன், ரப்பர் நாண் புதிதாக மாற்றியது என்று நூலைப் பார்த்துவிட்டு. மூதூர் ஆஸ்பத்திரிக்கு மருந்துப் பெட்டிகள் நிறையக் கொண்டு வா என்றால் 185, அதுவும் வெயில் ஏற முந்திக் காலையில். எருமைத் தயிர்ச் சட்டி நூறு ஏற்று என்றால் பீவர், வேறு பேச்சில்லை.

தயாரிப்பாளர் கையைக் காட்டுகிறார். இரத்மலானையில் விமானப்படை நூதனசாலை இருக்கிறது, அங்கே சிப்மங்க் நிற்கிறது, டைகர் மொத்தும் நிற்கிறது. கொழும்புப் பக்கம் போகிற அண்ணைமார், அக்காமார் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போவீர்கள் என்று நம்புகிறேன். எல்லோரும் மூக்கில் நின்று படம் எடுப்பார்கள். நீங்கள் பின்னால் போய்க் குந்தியிருந்து வாலின் அடியைப் பாருங்கள். காவலாளி ஏன் என்று கேட்டால், வானொலியில் ஒருவர் சொன்னார் என்று சொல்லுங்கள்.