எல்லை தாண்டிய குற்றத்துக்கு எந்தக் கோர்ட்?

(பீளமேடு தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சூலூரில் கொலை செய்தவன் பொள்ளாச்சிக்கு ஓடினால் போலீஸ் விடுமா? ஆனால் ஆயிரக்கணக்கான ஜனங்களின் சாவுக்குப் பொறுப்பென்று குற்றம் சாட்டப்படும் தளபதி கடல் தாண்டினால் மாலையும் விருந்தும் கிடைக்கிறது. சில சமயம் தூதர் பதவியும் கிடைக்கிறது!

2009 மே மாதம் முடிந்த வன்னி யுத்தத்தை எடுத்துக்கொள்வோம். அதன் கடைசிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை மாண்டிருக்கலாம் என்று ஐ.நா. பொதுச் செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011-ல் கூறியது. ராணுவம், புலிகள் இரு தரப்பின்மீதும் அக்குழு குற்றம் சாட்டியது. 2007 முதல் 2009 வரை வன்னியில் ராணுவப் பொறுப்பிலிருந்தவர் ஜெனரல் ஜகத் ஜயசூரிய. பின்னால் அவர் பிரேசிலுக்குத் தூதரானார். 2017 ஆகஸ்டில் மனித உரிமை அமைப்புகள் பிரேசிலிலும் கொலம்பியாவிலும் அவர்மீது புகார் கொடுத்தன. அவர் குற்றச்சாட்டை மறுத்தார். ஆனால் அதே நேரத்தில் பிரேசிலை விட்டுப் புறப்பட்டும்விட்டார். வழக்கு விசாரணையை எட்டவே இல்லை.

இலங்கை விவகாரத்தில் பிரேசிலுக்கு என்ன வேலை? கடற்கொள்ளைக்காரனை எந்த நாடு பிடித்தாலும் விசாரிக்கலாம் என்பது பழைய வழக்கம். சித்திரவதைக்கும் யுத்தக் குற்றத்துக்கும் இன்று அதே நியாயம்தான். டமாஸ்கஸ் சிறைக் கொடுமைகளுக்காக சிரியா உளவு அதிகாரி அன்வர் ரஸ்லானுக்கு ஜெர்மனியின் கோப்லென்ஸ் கோர்ட் 2022 ஜனவரியில் ஆயுள் தண்டனை விதித்தது. அந்தச் சிறையில் அடிபட்டு, அகதியாய் வந்தவர்களே அங்கே சாட்சி சொன்னார்கள்.

நம் பூலுவபட்டி முகாமிலும் ஈழத்து அகதிகள் இருக்கிறார்கள். அவர்கள் எந்தக் கோர்ட்டுக்குப் போவது? சட்டமே இல்லை என்று எண்ண வேண்டாம். 1960-ல் நம் பார்லிமெண்ட் ஜெனீவா ஒப்பந்தச் சட்டம் இயற்றியது. எந்த நாட்டான் எங்கே குற்றம் செய்தாலும், இங்கே அகப்பட்டால் விசாரிக்கலாம் என்கிறது அது. பேஷ்! ஆனால் 17-வது பிரிவைப் பாருங்கள். சர்க்காரோ, சர்க்கார் குறிப்பிட்ட அதிகாரியோ புகார் கொடுத்தாலன்றி எந்தக் கோர்ட்டும் வழக்கை ஏற்கக்கூடாதாம். மகனைப் பறிகொடுத்த தாயின் மனு செல்லாது. மானேஜர் சம்மதித்தால்தான் மேஸ்திரிமீது புகார் சொல்லலாம் என்றால் எந்த மில்லில் புகார் வரும்?

இன்னொரு ஓட்டையும் உண்டு. அச்சட்டம் சொல்லும் கடுங்குற்றங்கள் தேசத்துக்கும் தேசத்துக்கும் நடக்கும் யுத்தத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஒரு சர்க்கார் தன் எல்லைக்குள் நடத்திய வன்னி யுத்தம் அதில் அடங்குவது கடினம். ஜெர்மனி 2002-ல் செய்த சட்டத்தில் உள்நாட்டு யுத்தமும் அடங்கும்.

ஆகவே நாம் கேட்பது இரண்டு திருத்தங்கள். உள்நாட்டு யுத்தக் குற்றமும் சட்டத்துக்குள் வரட்டும். பாதிக்கப்பட்டவனுக்கும் புகார் கொடுக்கும் உரிமை வரட்டும். ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வரும் எம்.பி.யிடம், எந்தக் கட்சிக்காரரானாலும், 17-வது பிரிவைப் படித்ததுண்டா என்று கேளுங்கள்.