கட்டுப் போட்ட பிறகு



முறிந்த கைக்குக் கட்டுப் போட்டாயிற்று. அடித்தவர் இருக்கும் வீட்டுக்கே அந்தப் பெண் திரும்பினால்?

1994இல் அமெரிக்காவின் ஓக்லாந்து நகரில், குண்டடிபட்ட இளைஞரின் படுக்கையருகே அமர்ந்து பேசி, அடுத்த சண்டையைத் தடுக்கும் பணி தொடங்கிற்று. நம் கவலை துப்பாக்கியல்ல, வீட்டுக்குள் விழும் அடி. தேக்காவுக்கு அருகிலுள்ள கே.கே. மருத்துவமனை போன்ற இடங்களில் மருத்துவ சமூக ஊழியர்கள் உண்டு. கணவர் அருகில் இல்லாதபோது அவர்கள் கனிவாகக் கேட்டால்தான் உண்மை வெளிவரும். மாதர் சாசனத்தின்கீழ் பாதுகாப்பு ஆணை கோரலாம். 2021இல் தொடங்கிய 1800-777-0000 என்ற உதவி எண்ணையும் அழைக்கலாம்.

"குடும்ப மானம்" என்று வாயடைப்பவர்களோ நாமேதான்!

நீதிமன்றம் செல்லும் நாளில் அவள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒருவர், டாக்சிக்குப் பணம், துணைக்கு ஓர் அக்கா: அன்பர்கள் இவற்றுக்கு முன்வர வேண்டுகிறேன்.