இன்னும் எத்தனை வருஷம் மூட்டை தூக்க வேண்டும்?

(வியாசர்பாடியில் தொழிலாளர் குடும்பங்கள் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



சென்ற வாரம் கிடங்கில் மூட்டை தூக்கும் தோழர் ஒருவர் நம்மிடம் வந்தார். "பொண்ணு விலங்கியல்லே பட்டம் வாங்கிடுச்சி, தோழர். வாத்தியாரம்மா ஆவுறதுக்கு இன்னும் எத்தினி வருசம் நான் மூட்டை தூக்கணும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இந்தப் பேட்டையில் நூறு வீட்டில் இருக்கிற கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இன்று கூடியிருக்கிறோம்.

உயிரியல் ஆசிரியர் நமக்கு எதற்கு என்று முதலில் பார்ப்போம். பஞ்சுத் தூசி ஆலைத் தொழிலாளியின் நெஞ்சை எப்படி அடைக்கிறது? புகையான் பூச்சி நெற்பயிரை எப்படிச் சாய்க்கிறது? மருந்து அடிக்கிற விவசாயக் கூலிக்கு ஏன் தலை சுற்றுகிறது? 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தது. அதே மாதத்தில் அமோனியா கசிந்து ஜனங்கள் மூச்சுத் திணறி ஓடினார்கள். இவற்றையெல்லாம் நம் பிள்ளைக்கு விளக்குகிற பாடம் இதுதான். மருத்துவப் படிப்புக்கான நீட் பரீட்சையில் 720 மதிப்பெண்ணில் 360 உயிரியலுக்கு. அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடம் என்று 2020-ல் சட்டம் வந்தது. பள்ளியில் உயிரியல் ஆசிரியர் இல்லாவிட்டால் அந்தச் சட்டம் நம் பிள்ளைக்கு என்ன செய்யும்?

இனி வழியைச் சொல்கிறோம். பெற்றோர் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் தாவரவியல் அல்லது விலங்கியலில் மூன்று ஆண்டுப் பட்டம். அதன்பின் பி.எட். முன்பு இது ஓராண்டுப் படிப்பு. 2015 முதல் இரண்டாண்டு. இதில் இருபது வாரம் பள்ளிக்கூடத்திலேயே பயிற்சி. ஆக ஐந்து ஆண்டு. இந்தப் படிப்போடு ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை அறிவியல் சொல்லித்தரும் பட்டதாரி ஆசிரியர் ஆகலாம். பதினொன்று, பன்னிரண்டுக்குப் போக எம்.எஸ்ஸி.யும் வேண்டும், ஆக ஏழு ஆண்டு. மேல்நிலையில் உயிரியல் பாடத்தை உயிரி-தாவரவியல், உயிரி-விலங்கியல் என்று இரண்டு பாதியாக நடத்துகிறார்கள். இளங்கலையில் ஒரு பாடம், முதுகலையில் வேறு பாடம் என்று மாற்றிப் படித்துவிட்டுப் பின்னால் கண்ணீர் விடக் கூடாது. உயிரித் தொழில்நுட்பம் என்றும் நுண்ணுயிரியல் என்றும் பட்டங்கள் வந்திருக்கின்றன. தாவரவியலுக்கோ விலங்கியலுக்கோ அது சமம் என்று அரசாணை உண்டா என்பதைச் சேரும் முன்பே கேளுங்கள்.

பட்டப் படிப்புக்கு நம் பேட்டையிலேயே அம்பேத்கர் பெயரில் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. பி.எட். படிக்கச் சைதாப்பேட்டையில் அரசுக் கல்லூரி உண்டு. 1856-ல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியாகத் தொடங்கிய பழைய ஸ்தாபனம். ஜீவா நிலையத்தில் ரயிலேறி, சென்ட்ரலில் இறங்கி, எதிரே பார்க் நிலையத்தில் மாறினால் போய்ச் சேரலாம். "வகுப்புக்கே வர வேண்டாம், சர்ட்டிபிகேட் வீட்டுக்கு வரும்" என்கிற தரகனிடம் தாலியை அடகு வைத்துப் பணம் கட்டாதீர்கள். தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சிலின் அங்கீகாரம் இல்லாத கல்லூரியின் சான்றிதழை வைத்து வேலைக்குப் போக முடியாது.

படித்து முடித்தால் வேலை நிச்சயமா? இல்லை, தோழர்களே. கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. அதையொட்டி எட்டாம் வகுப்பு வரை கற்பிக்கத் தகுதித் தேர்வு கட்டாயமாயிற்று. தமிழ்நாட்டில் முதல் பரீட்சை 2012 ஜூலையில் நடந்தது. 150 கேள்விக்குத் தொண்ணூறே நிமிஷம்! ஆறு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் எழுதியதில் தேறியவர்கள் 2,448 பேர். அதே ஆண்டு அக்டோபரில் மூன்று மணி நேரம் கொடுத்து மறுபடி நடத்தினார்கள்; தேறியவர் தொகை பல மடங்கு உயர்ந்தது. மூன்று மாதத்தில் நம் பிள்ளைகளின் மூளை வளர்ந்துவிட்டதா? கடிகாரத்துக்கும் அதில் பங்கு உண்டு என்பது விளங்கவில்லையா?

2018-ல் இன்னொரு படி ஏற்றினார்கள்: தகுதித் தேர்வில் தேறியவரும் நியமனத்துக்குத் தனியாகப் போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்று ஆணை. முதுகலை ஆசிரியருக்கோ ஆசிரியர் தேர்வு வாரியத்தின் பரீட்சை தனி. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், பணியில் உள்ளவர்களும் ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருந்தால் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இருபது வருஷம் பாடம் நடத்தியவர்களையும் அது கலக்கிவிட்டது.

பரீட்சையே கூடாது என்று நாம் சொல்லவில்லை. திறமையில்லாத ஆசிரியரால் முதலில் நஷ்டப்படுவது ஏழைப் பிள்ளைதான். பணக்காரன் வீட்டில் டியூஷன் வைத்துக்கொள்வான். நாம் கேட்பது வேறு. பரீட்சை காலாகாலத்தில் நடக்க வேண்டும். தேறியவருக்கு நிரந்தர வேலை தர வேண்டும். 2022-ல் என்ன நடந்தது? 13,331 காலியிடங்களுக்குத் தற்காலிக ஆசிரியர்களை எடுக்க ஆணை போட்டார்கள். முதலில் அறிவித்த சம்பளம் பட்டதாரிக்கு மாதம் பத்தாயிரம் ரூபாய், முதுகலைக்குப் பன்னிரண்டாயிரம். ஆலையில் பதிலித் தொழிலாளி கேட்டில் நின்ற கதை நமக்குத் தெரியாததா? வேலை நிரந்தரம், ஆள் மட்டும் தற்காலிகம்! நேற்று ஆலை வாசலில் நின்ற பதிலி, இன்று பள்ளி வாசலில் நிற்கிறார்.

ஆனாலும் மனம் தளர வேண்டாம். தமிழ் வழியில் படித்தவருக்கு அரசு வேலையில் 20 சதவீதம் முன்னுரிமை என்று 2010-ல் சட்டம் வந்தது. பின்னர் வந்த திருத்தத்தின்படி ஒன்றாம் வகுப்பு முதலே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். இது நம் பிள்ளைகளுக்குக் கிடைத்த கைப்பிடி. ஒவ்வொரு பள்ளியிலும் அதற்கான சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள். தகுதித் தேர்வுச் சான்றிதழ் முன்பு ஏழு ஆண்டுக்குத்தான் செல்லும். 2021-ல் ஆயுள் முழுதும் செல்லும் என்று மாற்றினார்கள். தேறாதவர்கள் தனித்தனியே மூலையில் உட்கார்ந்து அழாமல், நாலு பேராகச் சேர்ந்து மாலையில் படியுங்கள். இடம் வேண்டுமா? சங்கக் கட்டடம் இருக்கிறது, விளக்கும் இருக்கிறது.

அந்தத் தோழருக்கு நாம் சொன்ன பதில் இது: பி.எட்.டுக்கு இரண்டு வருஷம். பரீட்சைக்கு எத்தனை நாள் என்பது உம் மகள் கையில் பாதி, சர்க்கார் கையில் பாதி. முதல் பாதிக்கு அவள் படிக்கட்டும். மறு பாதிக்கு நீரும் நாமும் சேர்ந்து குரல் கொடுப்போம்!

அவர் சிரித்தார். "சரி தோழர், ரெண்டு வருசம் தூக்கறேன். அதுக்கு மேலேன்னா உங்களையும் மூட்டை தூக்கக் கூப்பிடுவேன்" என்றார். வருகிறோம் என்று சொல்லியிருக்கிறோம்.