சர்வீஸ் முடிந்து வந்த வண்டி ஸ்லோவில் நிற்காவிட்டால்



சர்வீஸுக்கு விடும்வரை வண்டி ஒழுங்காகத்தான் ஓடியிருக்கும். ஆயில் மாற்றி, ஏர் ஃபில்டர் துடைத்து, கார்புரேட்டர் கழுவி, வாட்டர் வாஷ் முடித்துப் பளபளவென்று கைக்கு வந்திருக்கும். முதல் சிக்னலில் நிறுத்தினால் இன்ஜின் உதறும். ரேஸை விட்டால் ஆஃப் ஆகிவிடும். ஓட்டும்போது குறையே தெரியாது, நிற்கும்போதுதான் தொல்லை. நம் சாலைகளில் இன்னும் ஏராளமாக ஓடும் 100, 125 சிசி கார்புரேட்டர் வண்டிகளில் இந்தக் கோளாறை எப்படிக் கண்டுபிடிப்பது என்று இன்று பார்ப்போம்.

திரும்பவும் ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் பல இடங்களில் நடப்பது ஒன்றுதான். ஐட்லிங் ஸ்க்ரூவை அரைச் சுற்று கூட்டிவிடுவார்கள். இன்ஜின் உரக்க ஓடும், ஆஃப் ஆகாது. நாமும் திருப்தியாக வீட்டுக்கு வந்துவிடுவோம். இதை நான் ரிப்பேர் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். உள்ளே இருக்கும் பழுது அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு சிக்னலிலும் பெட்ரோல் கூடுதலாக எரிகிறது. முதல் கியர் போடும்போது 'டக்'கென்று வண்டி அதிர்கிறது.

ஏன் ஸ்லோவில் மட்டும் தகராறு? இந்த வண்டிகள் பலவற்றுக்கு ஐட்லிங் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,400 சுற்று. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரிப்பு நடக்கும். அப்படியானால் ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 12 முறை. அந்த நேரத்தில் திராட்டில் கிட்டத்தட்ட மூடியே இருப்பதால், உள்ளே போகும் காற்றும் பெட்ரோலும் மிகக் கொஞ்சம். ஒரு கிண்ணம் ரசத்தில் ஒரு கல் உப்பு கூடினாலும் நாக்குக்குத் தெரிந்துவிடும், பந்திக்கு வைத்த அண்டாவில் தெரியாது. அதேபோல ஓரிடத்தில் துளி காற்று திருட்டுத்தனமாக நுழைந்தாலும் ஸ்லோவில் கலவை கெட்டுவிடும். வேகமாகப் போகும்போது அந்தக் கசிவு கணக்கிலேயே வராது.

அதனால் சர்வீஸுக்குப் பிறகு வந்த கோளாறு என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கடைசியாகக் கைபட்ட இடத்தை. புதிதாக எதையும் கழற்றுவதற்கு முன், எதையெதைக் கழற்றினீர்கள் என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். குற்றம் சாட்டும் குரலில் வேண்டாம். நல்ல மெக்கானிக்குக்கு அந்தக் கேள்வியிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

அடுத்து, ஸ்பேனர் இல்லாமல் செய்யக்கூடிய ஒரு சோதனை. இன்ஜின் சூடேறி உதறிக்கொண்டிருக்கும்போது சோக்கை மெதுவாகப் பாதி இழுத்துப் பாருங்கள். சோக் காற்றைக் குறைத்துப் பெட்ரோலின் விகிதத்தைக் கூட்டும். இழுத்ததும் உதறல் அடங்கினால், கலவையில் காற்று அதிகம் அல்லது பெட்ரோல் போதவில்லை. இன்னும் திணறிக் கரும்புகை கக்கினால், பெட்ரோல் ஏற்கெனவே அதிகம். சோக் முழுதாகத் திரும்பாமல் நிற்கலாம், கார்புரேட்டருக்குள் இருக்கும் மிதவை சரியாக உட்காராமல் இருக்கலாம், ஃபில்டர் ஈரமாகவோ ஆயிலில் ஊறியோ இருக்கலாம். இரண்டும் இல்லையென்றால் பிளக் பக்கமும் டேப்பட் பக்கமும் திரும்ப வேண்டும்.

காற்று அதிகம் என்று தெரிந்தால், கார்புரேட்டரும் இன்ஜினும் சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே ஒரு ரப்பர் வளையம் இருக்கும். கழற்றி மாட்டும்போது அது மடிந்தாலோ வெடித்தாலோ காற்று பிடிக்கும். சின்ன ஸ்பிரே பாட்டிலால் அந்த இணைப்பின் மேல் துளி தண்ணீர் தூவுங்கள். கசிவு இருந்தால் இன்ஜின் சத்தம் மாறும், இடம் பிடிபடும். சிலர் இதையே பெட்ரோல் தெளித்துப் பார்ப்பார்கள். சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் தெளித்தால் தீப்பிடிக்கும், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இந்தச் சோதனைகளை எல்லாம் திறந்த வெளியில் செய்யுங்கள். மூடிய அறையில் இன்ஜின் புகை உயிருக்கே ஆபத்து.

கசிவு இல்லையா? அப்படியானால் அடுத்த சந்தேகம், கார்புரேட்டருக்குள் ஸ்லோவுக்கான பெட்ரோலை விடும் ஸ்லோ ஜெட். அதன் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. கார்புரேட்டர் கழுவும்போது கிளம்பிய ஒரு தூசி போய் உட்கார்ந்தால் போதும். காற்றடித்து ஊதித்தான் சுத்தம் செய்ய வேண்டும். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகி, அந்த ஜெட் பிறகு உதவாது. ஏர் ஸ்க்ரூவிலும் கவனம் வேண்டும். கழற்றுவதற்கு முன், அது உள்ளே போக எத்தனை சுற்று என்று எண்ணி எழுதி வைப்பவரே என் கணக்கில் மெக்கானிக்.

பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதும் எளிது. முனை வெளிர் பழுப்பாக இருந்தால் நல்லது. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் காற்று அதிகம். வாட்டர் வாஷ் செய்த அன்று பிளக் கேப்புக்குள் தண்ணீர் தேங்கியும் மிஸ்ஸிங் வரும். அதைத் துடைத்துக் காயவிட்டாலே சரியாகிவிடும். சர்வீஸ் அன்றே பெட்ரோலும் போட்டிருந்தால், கார்புரேட்டர் அடியில் உள்ள திருகைத் தளர்த்திக் கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியாகத் தங்கி நிற்கும்.

டேப்பட்டைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். இதில் பாதித் தவறு நம்முடையது. "டேப்பட் சத்தம் வருது, கொறைச்சுக் குடுங்கண்ணே" என்று கேட்டு வாங்குகிறோம். அவரும் நம் திருப்திக்காக இறுக்கிவிடுகிறார். வால்வுக்கும் ராக்கர் ஆர்முக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி, இந்த வண்டிகள் பலவற்றில், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதை இன்ஜின் ஆறியிருக்கும்போது, ஃபீலர் கேஜ் வைத்து அளந்துதான் வைக்க வேண்டும். இடைவெளி போய்விட்டால் சூடேறியதும் வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரஷன் கசியும். காலையில் நன்றாக நிற்கும் வண்டி, பத்துக் கிலோமீட்டர் ஓடியபின் ஸ்லோவில் ஆஃப் ஆனால் முதல் சந்தேகம் இதுதான். புகைபோக்கிப் பக்கத்து வால்வு மூடியிருக்கும்போதுதான் தன் சூட்டைச் சிலிண்டர் ஹெட்டுக்கு இறக்குகிறது. மூடாத வால்வு நாளடைவில் எரிந்துபோகும், செலவு ஆயிரக்கணக்கில் வரும். லேசான டிக்டிக் சத்தம் கேட்டால் கேட்கட்டும்.

ஹேண்டில்பாரை இடதும் வலதுமாகத் திருப்பும்போது ரேஸ் தானாக ஏறினால், ஆக்ஸிலேட்டர் கேபிள் இறுகியிருக்கிறது அல்லது தப்பான வழியில் போகிறது. அதைச் சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும்.

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் விற்ற வண்டிகள் பெரும்பாலும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன். அவற்றில் ஸ்லோவைக் கவனிப்பது கம்ப்யூட்டர். ஒரு வயர் கனெக்டரோ ஒரு சின்ன ரப்பர் ஹோஸோ சரியாக மாட்டாவிட்டாலும் உதறும். மீட்டரில் இன்ஜின் விளக்கு எரிகிறதா என்று முதலில் பாருங்கள். எரிந்தால் அதில் கைவைக்காமல், கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் கருவி உள்ள இடத்துக்குக் கொண்டு போங்கள்.

அடுத்தமுறை சர்வீஸ் முடிந்து சாவியை வாங்கியதும் கிளம்பிவிடாதீர்கள். ஒரு ரவுண்டு ஓட்டி இன்ஜினைச் சூடாக்கி, ஒர்க்‌ஷாப் வாசலிலேயே ஐந்து நிமிடம் ஸ்லோவில் ஓடவிடுங்கள். சரியாக நின்றால் மட்டும் பணத்தைக் கொடுங்கள்.