பரிசலின் பத்திரம் கரையிலேயே

(ஊராட்சி உறுப்பினர் கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் நடுவே அமைந்தது ஸ்ரீரங்கம். இன்று இரு நதிகளின் மீதும் பாலங்கள் உள்ளன. ஆயினும், மீன் பிடிப்போர்க்கும், வெள்ளத்தில் திட்டுகளில் சிக்கியோரை மீட்போர்க்கும் பரிசலே இன்னமும் துணையாக நிற்கிறது. ஆதலால் அதைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன்.

கடற்கரைத் தோணியைப் பார்த்தவர்கள், பரிசலிலும் ஒரு பாய்மரம் நாட்டினால் துடுப்புப் போடும் சிரமம் குறையாதா என்று கேட்பதுண்டு. தோணி நீண்ட உருவம் உடையது. அதன் அடிக்கட்டை நீரைப் பற்றிக்கொள்கிறது. பாய்மரத்தை இருபுறமும் கயிறுகள் இழுத்து நிறுத்துகின்றன. ஆதலால் காற்று பக்கவாட்டில் வீசினாலும் தோணி தன் வழியே செல்லும். பரிசலோ வட்டம், அடி தட்டை. அதில் பாய் விரித்தால் காற்றின் போக்கில் சுழலும். உயரத்தில் விழும் காற்றின் வேகம் அதைக் கவிழ்க்கவும் கூடும். ஆகவேதான் நம் முன்னோர் ஒற்றைத் துடுப்போடு நின்றனர். நீரோட்டத்தை எதிர்ப்பதும் அவர்கள் வழக்கமன்று. கரையோரமாகவே பரிசலை மேலே கொண்டுபோய், அங்கிருந்து புறப்பட்டு, ஆறு இழுக்கும் போக்கிலேயே எதிர்த்துறையைச் சேர்வர்.

மூங்கில் பிளாச்சுகளைப் பின்னி, அதன்மேல் தோல் போர்த்தியது பழைய முறை. பின்னர் தார் பூசிய சாக்கும் பிளாஸ்டிக் விரிப்பும் வந்தன. இப்போது கண்ணாடி இழைப் பரிசல்களும் உள்ளன. எதுவாயினும், ஆற்றில் இறக்குமுன் கவிழ்த்துப் பார்த்தல் அவசியம். விளிம்புக் கட்டு தளர்ந்துள்ளதா, மூங்கில் உளுத்துள்ளதா, பூச்சு வெடித்துள்ளதா என்று கையால் தடவிச் சோதிக்க வேண்டும். பின்பு ஆழமில்லாத நீரில் மணல் மூட்டைகளை ஏற்றிப் பார்ப்பது நன்று. ஒழுக்கு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

பாரத்திற்கும் ஒரு கணக்கு உண்டு. 2 மீட்டர் அகலமுள்ள தட்டையான பரிசல், ஏறக்குறைய 31 கிலோ ஏறும்போது 1 சென்டிமீட்டர் அமிழும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஏறினால் சுமார் 2 சென்டிமீட்டர் அமிழும். இது பாரம் நடுவில் சமமாக அமைந்தால் மட்டுமே. எல்லோரும் ஒரு பக்கம் சாய்ந்தாலோ, நடு ஆற்றில் எழுந்து நின்றாலோ இக்கணக்கு உதவாது. எனவே விளிம்பின் வெளிப்புறத்தில் வர்ணக் கோடு ஒன்று போடுங்கள். நீர் அக்கோட்டைத் தொட்டபின் ஒரு குழந்தையையும் ஏற்றலாகாது.

கொள்ளிடம் வெள்ள வடிகால். பல மாதங்கள் மணலாகக் கிடக்கும். மேட்டூர் அணை நிரம்பி முக்கொம்பில் உபரிநீர் திருப்பப்பட்டால் கரை கொள்ளாது பெருகும். 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு மேலணையின் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. அதே மாதத்தில், 1928-இல் கட்டப்பட்ட கொள்ளிடம் பழைய இரும்புப் பாலத்தின் தூண்களும் சரிந்தன. இரும்பையும் கல்லையும் பெயர்த்த நீரின் முன் மூங்கில் எம்மாத்திரம்?

ஆனால் மேட்டூரில் திறக்கும் நீர் நம்மை அடையும்வரை அவகாசம் உண்டு. எச்சரிக்கை வந்தவுடன் தண்டோரா போட்டு, திட்டுகளிலுள்ள மக்களையும் மாடுகளையும் கரையேற்றுங்கள். பரிசல்களை மேட்டில் கட்டச் செய்யுங்கள். ஆனி பிறக்குமுன் ஒவ்வொரு பரிசலையும் சோதித்து, மிதவைச் சட்டைகளைத் தயாராக வையுங்கள்.

பரிசலின் பத்திரம் நடு ஆற்றில் முடிவாவதில்லை; கரையிலேயே முடிவாகிறது. அக்கரை உங்கள் ஊராட்சியின் பொறுப்பில் உள்ளது என்பதை மறவாதிருப்பீர்களாக.